பனியும் தீயும் ஒரே பருவத்தில்: ராக்கி மலைகளிலும் பெருஞ்சமவெளியிலும் இளவேனில் இடர் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

முன்னுரை

2025 மார்ச் 14 அன்று அமெரிக்காவின் நடுப்பகுதியை ஒரு பெரும்புயல் கடந்து சென்றது. ஓக்லஹோமா மாநிலத்தில் மட்டும் அன்று 130க்கும் மேற்பட்ட இடங்களில் தீ மூண்டது. 400க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. கான்சாஸ் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் எழுந்த புழுதிப்புயலில் நெடுஞ்சாலை கண்ணுக்குத் தெரியாமல் போய், வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதியதில் 8 பேர் இறந்தனர். அன்றிரவு மிசூரியில் டொர்னாடோக்கள் ஊர்களைச் சிதைத்தன. தீ, புழுதி, சுழற்காற்று மூன்றும் ஒரே காற்றழுத்தத் தாழ்வின் வெவ்வேறு பக்கங்களில் பிறந்தவை.

இந்த உண்மை இன்று வானிலைப் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அமெரிக்க அரசு நிறுவனங்கள் இதை ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. நெடுங்காலம் தீ என்றால் மலைக்காட்டுத் தீ, தீக்காலம் என்றால் கோடையின் பிற்பகுதி என்றே அவை கருதின. மார்ச் முதல் மே வரையிலான இளவேனில், பனிப்புயலும் வெள்ளமும் டொர்னாடோவும் வரும் பருவமாக மட்டுமே எண்ணப்பட்டது. மலையையும் சமவெளியையும் ஒரே இடர்ப்பரப்பாகவும், இளவேனிலைத் தனித்த தீக்காலமாகவும் பார்க்கும் அறிவு எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வானிலை எச்சரிக்கை வேகமாக வளர்ந்திருக்கிறது. நிலத்தைப் பேணும் முறை அதே வேகத்தில் வளரவில்லை. இன்றைய பேரழிவுகள் இந்த இடைவெளியிலேயே நிகழ்கின்றன என்பது இதன் வாதம்.

1. மலையிறங்கும் காற்று

ஆய்வுக்களத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும். கொலராடோவிலும் நியூ மெக்சிகோவின் வடபகுதியிலும் ராக்கி மலைச் சிகரங்கள் 4,000 மீட்டரைத் தாண்டுகின்றன. அவற்றின் கிழக்கே நிலம் சட்டென்று தாழ்ந்து, டெக்சாஸின் வடமுனை, ஓக்லஹோமா, கான்சாஸ் என மரமற்ற புல்வெளியாக விரிகிறது. மேற்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் இழக்கிறது. கிழக்குச் சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பமடைந்து மேலும் உலர்கிறது. ‘சினூக்’ எனப்படும் இக்காற்றின் ஆற்றலுக்குப் புகழ்பெற்ற சான்று தெற்கு டகோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் கிடைத்தது. 1943 ஜனவரி 22 அன்று அங்கே இரண்டே நிமிடங்களில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது.

இளவேனிலில் வடக்குக் குளிருக்கும் தெற்கு வெப்பத்துக்கும் இடையே வேறுபாடு மிகும். உயர்வளி ஓட்டம் வலுப்பெற்று மலைத்தொடரைக் கடக்கும்போது, அதன் கிழக்கு அடிவாரத்தில் புதிய காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது. அத்தாழ்வின் வடமேற்கில் பனிப்புயல் வீசும். கிழக்கில், மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று சேருமிடத்தில், இடிமழையும் டொர்னாடோவும் தோன்றும். தெற்கிலும் தென்மேற்கிலும் மலையிறங்கிய உலர்காற்று சீறிப் பாயும். தீ பிறப்பது அந்தக் கடைசிப் பகுதியில். 2019 மார்ச் 13 அன்று கொலராடோவின் லமார் அருகே அம்மாநில வரலாற்றிலேயே மிகக் குறைந்த காற்றழுத்தம் பதிவானது. அந்தத் தாழ்வு கொலராடோவில் பனிப்புயலாக வீசியது. நெப்ராஸ்காவில் உறைந்த நிலத்தின்மேல் மழையாகக் கொட்டி, மறுநாள் ஸ்பென்சர் அணையை உடைத்தது. எந்த ஆண்டு பனி, எந்த ஆண்டு வெள்ளம், எந்த ஆண்டு தீ என்பதைத் தாழ்வு செல்லும் தடமும் நிலத்தில் இருக்கும் ஈரமும் முடிவு செய்கின்றன.

எரிபொருளின் தன்மையும் இங்கே முக்கியம். தீயியலாளர்கள் காய்ந்த தாவரத்தை அது காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாற எடுக்கும் நேரத்தைக் கொண்டு 1 மணி, 10 மணி, 100 மணி, 1,000 மணி என வகைப்படுத்துகின்றனர். பெருமரக்கட்டை உலர வாரங்கள் ஆகும். ஒரு புல்லிதழுக்கு ஒரு மணி நேரம் போதும். காலையில் பனித்துளியோடு நின்ற புல் பிற்பகலில் எரியத் தயாராகிவிடும். மார்ச்சில் சமவெளிப் புல் முந்தைய ஆண்டின் காய்ந்த தாளாகவே நிற்கிறது; புதுப்பச்சை தழைப்பதற்கு இன்னும் சில வாரங்கள் உண்டு. பனி உருகிய பின், பச்சை வருமுன் உள்ள அந்த இடைவெளியே இளவேனில் தீக்காலம்.

2. மரவளையங்கள் சொல்லும் பழைய ஒழுங்கு

எழுத்து ஆவணங்களுக்கு முந்திய தீ வரலாற்றை பொண்டெரோசா பைன் மரங்கள் காத்து வைத்திருக்கின்றன. தரையை ஒட்டிச் செல்லும் சிறுதீ இம்மரத்தைக் கொல்வதில்லை. அடிமரத்தில் ஒரு வடுவை மட்டும் விட்டுச் செல்லும். அதன்மேல் மரம் புதுவளையம் சுற்றிக்கொள்ளும். அடிமரத்தை அறுத்து மெருகேற்றினால் கரிய வடுக்கள் அடுக்கடுக்காகத் தெரியும். ஆண்டுக்குரிய வளையத்தில் வெளிர்நிறமான முன்பருவப் பகுதியில் வடு விழுந்திருக்கிறதா, அடர்நிறமான பின்பருவப் பகுதியில் விழுந்திருக்கிறதா என்று நுண்நோக்கியில் பார்த்து, தீ எந்தப் பருவத்தில் வந்தது என்பதையும் கணிக்க முடிகிறது.

அரிசோனா பல்கலைக்கழக மரவளைய ஆய்வகத்தின் தாமஸ் ஸ்வெட்னமும் அவரது சகாக்களும் தென்மேற்கு மலைகள் எங்கும் இத்தகைய மாதிரிகளைத் திரட்டினர். தாழ்மலைப் பைன் காடுகளில் ஒரு பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற அளவில் சிறுதீ வந்துபோயிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பருவமழைக்கு முந்திய இளவேனிலிலும் முன்கோடையிலும் வந்தவை. 1748 பரவலாகத் தீ எரிந்த ஆண்டு. அதற்கு முந்திய 1747 மிக ஈரமான ஆண்டு. ஈரமான ஆண்டு புல்லை வளர்க்க, அடுத்து வந்த வறட்சி அதை எரித்திருக்கிறது. 1990இல் ‘சயின்ஸ்’ இதழில் ஸ்வெட்னமும் ஹூலியோ பெட்டன்கோர்ட்டும் வெளியிட்ட கட்டுரை இந்த ஏற்றத்தாழ்வைப் பசிபிக் கடலோடு இணைத்தது. எல் நினோவைத் தொடரும் ஈரமான இளவேனிலில் தீப்பரப்பு சுருங்குகிறது. லா நினாவைத் தொடரும் வறண்ட இளவேனிலில் விரிகிறது.

இந்தத் தீக்களில் மின்னலுக்கும் மனிதருக்கும் பங்கு உண்டு. நியூ மெக்சிகோவின் ஹேமெஸ் மலைகளில் வாழ்ந்த பூர்வகுடிகள் சிறுசிறு தீக்களைப் பயன்படுத்தினர். சமவெளிப் பழங்குடியினர் காட்டெருமைகளை ஈர்க்கும் இளம்புல்லுக்காகவும் போர் உத்தியாகவும் புல்லை எரித்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடுக்கள் திடீரென்று நின்றுபோகின்றன. அப்போது எந்த அரசும் தீயை அணைக்க ஆளனுப்பவில்லை. 1879இல் நியூ மெக்சிகோவின் லாஸ் வேகஸ் ஊருக்கு ரயில் வந்தது. ரயில் திறந்துவிட்ட சந்தைக்காக லட்சக்கணக்கான ஆடுமாடுகள் மலைச்சரிவுகளில் மேய்ந்தன. தீயைச் சுமந்து செல்லும் புல் இல்லாமல் போனது. பூர்வகுடிகளும் தங்கள் நிலங்களிலிருந்து அகற்றப்பட்டனர். புல் போன இடத்தில் பைன் கன்றுகள் நெருக்கமாக முளைத்தன. பின்னாளில் மரமுடிகளைத் தாவி எரிந்த பெருந்தீக்கான எரிபொருள் அப்போதிருந்தே சேரத் தொடங்கியது.

3. சமவெளி மேய்ப்பர்களின் தற்காப்பு

சமவெளியில் அனுபவம் வேறு. டெக்சாஸ் தன் தலைநகர்க் கட்டடத்தைக் கட்டித் தந்ததற்கு ஈடாக வடமுனையில் 30 லட்சம் ஏக்கரை அளித்தது, அதுவே எக்ஸ்.ஐ.டி. பண்ணையாக 1885 முதல் இயங்கியது. அத்தனை பெரிய புல்வெளியில் ஒரு தீ மூண்டால் குளிர்காலத் தீவனம் முழுவதும் போய்விடும். பண்ணைக்காரர்கள் ஏரோட்டி இரண்டு இணைச் சால்களைப் போட்டு, இடைப்பட்ட புல்லைக் காற்றில்லாத நாளில் எரித்துத் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்தனர். 1884இல் டெக்சாஸ் சட்டமன்றம் வேண்டுமென்றே மேய்ச்சல் நிலத்துக்குத் தீவைப்பதைப் பெருங்குற்றமாக்கியது.

தீ மூண்டுவிட்டால் அணைக்கத் தண்ணீர் இல்லை. ஒரு மாட்டைக் கொன்று இரண்டாகப் பிளப்பார்கள். இரத்தம் சொட்டும் ஈர உடலைக் கயிற்றில் கட்டி, தீக்கோட்டுக்கு இப்பக்கம் ஒரு குதிரை, அப்பக்கம் ஒரு குதிரை என நிறுத்தி, எரியும் புல்லின்மேல் இழுத்துச் செல்வார்கள். பின்னால் வரும் ஆட்கள் ஈரச்சாக்கால் மிச்சக் கங்குகளை அடித்து அணைப்பார்கள். கொடூரமும் நுட்பமும் கலந்த இம்முறையில் ஒரு தெளிவு இருந்தது: தீயின் தலையை, அதாவது காற்றோடு முன்னேறும் முனையை, எதிர்க்க முடியாது, பக்கவாட்டிலிருந்துதான் நெருக்க வேண்டும். இன்றும் புல்வெளித் தீயணைப்பு வண்டிகள் எரிந்து முடிந்த கரிநிலத்திலிருந்து பக்கவாட்டிலேயே வேலை தொடங்குகின்றன.

4. அணைப்பே கொள்கையான காலம்

தேசியக் கொள்கையை வகுத்தது சமவெளியின் இந்த அனுபவம் அன்று. 1905இல் தோன்றிய வனத்துறை இளம்பருவத்திலேயே 1910 ஆகஸ்ட் 20, 21 நாட்களின் பெருந்தீயைச் சந்தித்தது. ஐடஹோ, மான்டனா மாநிலங்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலானோர் தீயணைப்பாளர்கள். அந்த அதிர்ச்சி எல்லாத் தீயையும் எதிரியாக்கியது. 1935இல் வனத்துறை, எந்தத் தீயானாலும் கண்ட மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கப்பட வேண்டும் என்று விதித்தது. வடமலைகளின் ஆகஸ்ட் அனுபவம் நாடு முழுமைக்குமான நாட்காட்டியாகிவிட்டது.

மாறுபட்ட சாட்சியங்கள் அப்போதே இருந்தன. 1943இல் ஹரால்ட் வீவர் என்ற வனவியலாளர், பைன் காட்டுக்குச் சிறுதீ தேவை என்று துறை இதழில் வாதிட்டார். மறுபுறம் 1950 மே மாதத்தில், பலத்த இளவேனில் காற்றில் நியூ மெக்சிகோவின் கேபிடன் மலைகளில் பரவிய தீயிலிருந்து ஒரு கரடிக்குட்டி மீட்கப்பட்டது. 1944 முதல் விளம்பரங்களில் இருந்த ‘ஸ்மோக்கி பேர்’ சின்னத்துக்கு அது உயிருள்ள உருவாயிற்று. தீயே கூடாது என்ற பிரசாரத்தின் முகம் ஓர் இளவேனில் தீயிலிருந்துதான் வந்தது. ஆனாலும் அப்பிரசாரம் இளவேனிலைப் பற்றி எதையும் கற்பிக்கவில்லை.

5. எச்சரிக்கை அறிவியலின் வளர்ச்சி

இதே காலத்தில் வானிலைக் கணிப்பு தனிப்பாதையில் முன்னேறியது. 1870இல் இராணுவத்தின் கீழ்த் தொடங்கிய வானிலைப் பணிக்கு, தீ வானிலைக்கென்று 1926இல் காங்கிரஸ் தனி நிதி ஒதுக்கியது. 1930களில் வனத்துறையின் ஹாரி கிஸ்பார்ன் காற்று, ஈரப்பதம், எரிபொருளின் ஈரம் ஆகியவற்றைச் சேர்த்துத் தீ அபாயத்தை ஓர் எண்ணாகக் காட்டும் அளவுகோலை ஐடஹோவில் உருவாக்கினார். 1956 நவம்பரில் தென் கலிபோர்னியாவின் இனாஹா தீயில் 11 பேர் இறந்தபின், 1957இல் தீயணைப்பாளர்களுக்கான பத்துக் கட்டளைகள் வகுக்கப்பட்டன; முதல் கட்டளையே வானிலையை அறிந்து வைத்திரு என்பதுதான். ‘செங்கொடி எச்சரிக்கை’ முறையும் அந்த ஆண்டுகளின் ஆராய்ச்சியிலிருந்தே வளர்ந்தது. 1972இல் நாடு தழுவிய தீ அபாய மதிப்பீட்டு முறை நடைமுறைக்கு வந்தது.

இன்று கொலராடோவிலும் டெக்சாஸ் வடமுனையிலும் செங்கொடி எச்சரிக்கைக்கான அளவுகள் எளியவை: ஒப்பு ஈரப்பதம் 15 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ், கூடவே பலத்த காற்று, எரியத் தயாரான எரிபொருள். ஓக்லஹோமா 1994இல் தொடங்கிய ‘மெசோநெட்’ வலையமைப்பு 77 மாவட்டங்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு தானியங்கி நிலையம் வைத்திருக்கிறது. 2016 நவம்பரில் ஏவப்பட்ட கோஸ்-16 செயற்கைக்கோள் நாடு முழுவதையும் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை படம் பிடித்தது. தொலைபேசியில் யாரும் சொல்வதற்கு முன்பே தீயின் வெப்பப்புள்ளி திரையில் தெரியத் தொடங்கியது.

6. சமவெளித் தீயின் மீள்வருகை

சமவெளியை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தது 2006 மார்ச் 12. அன்று டெக்சாஸின் அமரில்லோவுக்குக் கிழக்கே மூண்ட தீக்கள் 9 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்து 12 உயிர்களைப் பறித்தன. அதே வாரத்தில் அதே புயல் வரிசை மற்ற மாநிலங்களில் டொர்னாடோக்களை ஏவியது. அப்போதிருந்து தேசிய வானிலைப் பணியின் டாட் லிண்ட்லி முதலியோர் இந்நாட்களை ஒப்பிட்டு ஆராய்ந்தனர். டொர்னாடோ வெடிப்பைப் போலவே தீ வெடிப்புக்கும் அடையாளம் காணத்தக்க ஒரு புயல் அமைப்பு இருக்கிறது, ஆகவே பல நாட்களுக்கு முன்பே அதைக் கணிக்கலாம் என்று காட்டினர். பிரிந்து கிடந்த இரு துறைகளை இணைத்த கண்டுபிடிப்பு இதுவே.

அவர்கள் வலியுறுத்திய மிகக் கொடிய கட்டம் காற்றின் திசைமாற்றம். முதல் பகலில் மேற்குக்காற்று தீயைக் கிழக்கே பல பத்துக் கிலோமீட்டர் நீளமான கோடாக இழுக்கும். மாலையில் குளிர்முகப்பு வந்து காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கினால், அந்தக் கோட்டின் தெற்கு விளிம்பு முழுவதும் தீயின் தலையாக மாறிவிடும். காலையில் பாதுகாப்பான பக்கவாட்டில் நின்றவர் மாலையில் தீயின் முன் நிற்பார்.

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸில் தொடங்கிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ இப்படித்தான் விரிந்தது. முடிவில் 10 லட்சத்து 58 ஆயிரம் ஏக்கர் எரிந்தது; அம்மாநில வரலாற்றில் அதுவே மிகப் பெரிய தீ. இரண்டு பேர் இறந்தனர், ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. தொடங்கிய மூன்று நாட்களுக்குப் பின் அதே கரிநிலத்தின்மேல் பனி பெய்தது. மூலகாரணம் மின்கம்பி என்று விசாரணைகள் கண்டன.

இவை தற்செயல் நிகழ்வுகள் அல்ல. நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, பெருஞ்சமவெளியில் ஆண்டுக்குச் சராசரியாக 33ஆக இருந்த பெருந்தீக்களின் எண்ணிக்கை (1985–1994) 117ஆக உயர்ந்தது (2005–2014). தீ வராத புல்வெளிகளில் ஜூனிபர் மரங்கள் பரவியிருக்கின்றன; அவை எரியும்போது பொறிகள் வெகுதூரம் பறக்கின்றன. மலையிலும் மாற்றம் தெளிவு. ஆன்டனி வெஸ்டர்லிங் குழுவினர் 2006இல் காட்டியபடி, 1980களின் நடுப்பகுதிக்குப் பின் மேற்கு மாநிலக் காடுகளில் பனி முன்னதாக உருகிய ஆண்டுகளிலேயே பெருந்தீக்கள் குவிந்தன; 1970–1986 காலத்தோடு ஒப்பிட, 1987–2003 காலத்தில் தீக்காலம் 78 நாட்கள் நீண்டிருந்தது.

7. மருந்தே நோயான இளவேனில்கள்

வனத்துறை 1978இல் காலை 10 மணிக் கொள்கையைக் கைவிட்டது. சேர்ந்த எரிபொருளைக் குறைக்கத் திட்டமிட்ட எரிப்பு மீண்டும் வந்தது. ஆனால் பனி விலகி, நிலம் முழுக்கக் காயாத இளவேனிலே எரிப்புக்கு வசதியான பருவமாகவும் இருந்தது. மலையிறங்கும் காற்று மிகக் கடுமையாக வீசும் பருவமும் அதுவே.

2000 மே 4 அன்று நியூ மெக்சிகோவின் பேண்டலியர் தேசிய நினைவிடத்தில் வைத்த தீ கைமீறி லாஸ் அலமோஸ் நகருக்குள் புகுந்தது. சுமார் 18,000 பேர் வெளியேறினர். 400க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. 2012 மார்ச் 22 அன்று கொலராடோவின் லோயர் நார்த் ஃபோர்க்கில் எரித்து அணைத்ததாகக் கருதப்பட்ட நிலம், நான்கு நாள் கழித்து வீசிய காற்றில் மீண்டும் பற்றி மூவரைக் கொன்றது.

2022 எல்லாவற்றையும் விஞ்சியது. ஏப்ரல் 6 அன்று லாஸ் வேகஸ் ஊருக்கு மேற்கே, ஹெர்மிட்ஸ் பீக் அருகே வனத்துறை வைத்த தீ அன்றே கட்டுமீறியது. பக்கத்தில் காஃப் கேன்யனில் ஜனவரியில் எரித்த மரக்குவியல் ஒன்று, பனிப்பொழிவுகளின் அடியிலும் அணையாமல் மாதக்கணக்கில் கனன்றிருந்தது. அது ஏப்ரலில் காற்றோடு எழுந்து முதல் தீயோடு சேர்ந்தது. 3,41,000 ஏக்கர் எரிந்தது. நியூ மெக்சிகோ வரலாற்றிலேயே பெரிய தீ. அதே கோடையின் பருவமழை கரிந்த சரிவுகளில் வெள்ளமாகப் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. கயினாஸ் ஆறு சாம்பலால் கலங்கி லாஸ் வேகஸின் குடிநீர் நெருக்கடிக்கு உள்ளானது. தலைமுறைகளாக அம்மலைப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த ஸ்பானிய வழிக் குடும்பங்கள் வீடு, மேய்ச்சல், வாய்க்கால் மூன்றையும் ஒருசேர இழந்தன. நிலம் கருதியதைவிட வறண்டிருந்தது என்று வனத்துறையின் சொந்த ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. மே 20 அன்று நாடு முழுவதும் வனத்துறையின் திட்டமிட்ட எரிப்புகள் 90 நாட்களுக்கு நிறுத்தப்பட்டன. இழப்பீட்டுக்கு அந்த ஆண்டிலேயே ஏறத்தாழ 400 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

முடிவுரை

ஒன்றரை நூற்றாண்டு வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, மலைக்காட்டுத் தீயையும் சமவெளித் தீயையும் தனித்தனித் துறைகளாக நடத்துவதற்கு வானிலை அடிப்படை எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே காற்று ஆள்கிறது. இரண்டாவது, தீயை முற்றாக விலக்கிய கொள்கை அதைத் தள்ளிப்போட்டது, ஒழிக்கவில்லை. மூன்றாவது, திட்டமிட்ட எரிப்பைக் கைவிடுவது 1935இன் தவறுக்கே திரும்புவதாகும். தவறு எரித்ததில் இல்லை. நாட்காட்டியையும் எரித்து முடிக்க வேண்டிய ஏக்கர் இலக்கையும் பார்த்து எரித்ததிலும், எரிந்த இடத்தைப் போதிய காலம் காவல் காக்காததிலும்தான் இருந்தது.

ஆகவே செய்ய வேண்டியவையும் தெளிவு. எரிப்புக்கான அனுமதி, அடுத்த பல நாட்களின் காற்றுக் கணிப்போடும் அந்த இடத்திலேயே அளந்த எரிபொருள் ஈரத்தோடும் கட்டப்பட வேண்டும். குளிர்காலத்தில் எரித்த குவியல்கள் இளவேனில் காற்று வருமுன் வெப்பக் கருவியால் சோதிக்கப்பட வேண்டும். காற்று மிகும் நாட்களில் மின்கம்பிகளைப் பற்றிய பொறுப்பு மின்நிறுவனங்கள்மேல் சட்டப்படி நிற்க வேண்டும். புல்வெளி மாவட்டங்களின் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களுக்கு, மலைக்காட்டுக் குழுக்களுக்குக் கிடைப்பதற்கு நிகரான நிதி தேவை. எச்சரிக்கை இன்று சில நாட்கள் முன்பே வருகிறது. அதைப் பயன்படுத்தத் தெரியாத நிருவாகம் அடுத்த மார்ச்சிலும் இறந்தோரை எண்ண நேரும். அந்தப் பொறுப்பை இனி இயற்கையின்மேல் சுமத்த முடியாது.